கணினியை முடுக்கிவிட்டால் காசு மிச்சமாகுமா?

"மாமா, கம்ப்யூட்டர ஓவர்கிளாக் பண்ணலாம்னு இருக்கேன். நல்ல கூலர் ஒன்னு வேணும். 350 ரிங்கிட். வாங்கலாமா?"

கிள்ளானில் இருக்கும் என் அக்காள் மகன் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காணொளித் தொகுப்பு, அசைவூட்டம் என்று அவன் பாடங்கள் அனைத்தும் கணினியை நம்பியே இருக்கின்றன. வார இறுதிகளில் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடையில் பகுதிநேர வேலை செய்கிறான். அந்த 350 ரிங்கிட் அவன் அங்கே நின்று சம்பாதித்த பணம்.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இன்று இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டருகே குடியிருக்கும் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். புதுக் கணினி வாங்க வசதியில்லை, பழையதோ இழுக்கிறது, அதையே முடுக்கிவிட முடியாதா என்கிறார்கள். ஆகவே விடையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள்கூட ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன.

இரண்டாவது, ரேம் எனப்படும் நினைவகத்தின் விலை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகெங்கும் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்கின்றன. நம் ஜொகூரிலும் சைபர்ஜெயாவிலும் எழும் தரவு மையங்களும் இந்த அலையின் பகுதிதான். உலகில் இத்தகைய சில்லுகளைப் பெருமளவில் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. அதிக லாபம் தரும் தரவு மைய வாடிக்கையாளர் பக்கம் அவை திரும்பியதும், கடைகளுக்கு வரும் ரேம் குறைந்தது. 2025 பிற்பாதியில் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பர் 3ஆம் தேதி, 'குருஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்கும் தொழிலிலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. நம்மில் பலர் மடிக்கணினிக்கு வாங்கிப் போட்ட அதே குருஷியல்தான்.

ஆக, புதியது வாங்கவும் முடியவில்லை, பழையதைக் கூட்டவும் முடியவில்லை. இந்த நெருக்கடியில் 'இருப்பதையே வேகப்படுத்தலாம்' என்ற யோசனை இனிக்கத்தான் செய்யும்.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

கணினியின் செயலிக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 400 கோடித் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் செயலி தன் வேலையில் ஓர் அடி முன்னே வைக்கிறது. தயாரிப்பாளர் குறித்த துடிப்பைவிட அதிகமாகத் துடிக்க வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். துடிப்பு கூடும்போது சில்லு தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. செயலி எடுக்கும் மின்திறன், துடிப்பின் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடும். இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகத்தை 10 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால், 1.1 ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.33. அதாவது, 10 விழுக்காடு வேகத்துக்காக 33 விழுக்காடு கூடுதல் மின்சாரம். அந்த மின்சாரம் எல்லாம் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே லாபம்

ஓவர்கிளாக்கிங்கை வீண்வேலை என்று நான் ஒதுக்கிவிட முடியாது. நானே அதனால் பயனடைந்தவன்.

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் செயலியை வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், அறிவித்த விலை 149 அமெரிக்க டாலர். அதே நேரத்தில் வந்த பென்டியம் 2 செயலி 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். செலரானின் உள்பெருக்கி 4.5. மதர்போர்டின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ் என்றால் கிடைப்பது 300. அதே துடிப்பை 100 ஆக்கினால் கிடைப்பது 450. பெரும்பாலான செலரான்கள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் அந்த வேகத்தில் ஓடின.

இதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். ஆசிய நிதி நெருக்கடியில் நாடு தவித்த நேரம் அது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. இரண்டு செயலிகளுக்கும் இடையிலான 520 டாலர் வித்தியாசம் ஏறக்குறைய 2,000 ரிங்கிட். அன்று அது பல குடும்பங்களின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாங்கள் நான்கு நண்பர்கள், இம்பி பிளாசாவில் செலரான் வாங்கி வந்து, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அதை 450க்கு ஏற்றினோம். எங்களிடம் இல்லாத 2,000 ரிங்கிட்டை மிச்சப்படுத்திய மகிழ்ச்சி அது.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். 450 போதாது என்று சில மாதங்கள் கழித்து நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கணினி ஓடியது, விளையாட்டும் ஓடியது. ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் கோப்பைத் திறந்தால் இரண்டு அத்தியாயங்கள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் மாறிக் கிடந்தன. செயலி எங்கோ ஒரு கணக்கைத் தவறாகப் போட, அது அப்படியே வட்டில் பதிவாகியிருந்தது. பிரதியும் எடுத்து வைக்கவில்லை. மூன்று இரவுகள் கண்விழித்து மறுபடி எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது.

அளவுக்கு மீறி முடுக்கிய கணினி எப்போதும் அணைந்துபோய் எச்சரிக்காது. சில நேரம் அமைதியாகத் தவறு செய்யும். மாணவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

அந்த மிச்சத்தை இப்போது யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

அன்று செலரானுக்குள் 50 விழுக்காடு வேகம் சும்மா கிடந்தது. இன்றைய சில்லுகளில் அப்படிக் கிடப்பதில்லை. தயாரிப்பாளரே அதை எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார்.

2008இல் வந்த முதல் கோர் ஐ7 செயலிகளோடு 'டர்போ பூஸ்ட்' வசதியை இன்டெல் கொண்டுவந்தது. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது செயலி தானாகவே வேகம் ஏற்றிக்கொள்ளும். ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகளும் இதையேதான் செய்கின்றன. இன்டெல்லின் கோர் ஐ9 14900கே செயலியின் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 6.0. தொழிற்சாலையிலிருந்தே அது முடுக்கப்பட்டுத்தான் வருகிறது.

எல்லையை இவ்வளவு நெருங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல, பயனர் எதையும் மாற்றாமலேயே அடிக்கடி செயலிழந்தன. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சில்லுகளுக்குச் செல்வதாக 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளியானது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சில்லுகளை அந்தத் திருத்தத்தால் சரிசெய்ய முடியவில்லை. பினாங்கில் 1972 முதல் ஆலை நடத்தும், உலகின் மிகத் தேர்ந்த பொறியாளர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே மின்னழுத்தம் கைமீறியது. அப்படியிருக்க, ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்து நாம் எண்களை மாற்றும்போது எத்தனை கவனம் வேண்டும்?

இன்னொரு தடையும் உண்டு. 2011 முதல் இன்டெல்லின் முக்கியச் செயலிகளில் பெயருக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றை மட்டுமே தாராளமாக முடுக்க முடியும். அதற்கேற்ற விலை உயர்ந்த மதர்போர்டும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசன்களில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை என்றாலும், மிக மலிவான மதர்போர்டுகள் அதற்கு இடம் தருவதில்லை. மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. செயலி பூட்டப்பட்டிருக்கும், திறந்திருந்தாலும் அந்த மெல்லிய பெட்டிக்குள் வெப்பம் போக வழியில்லை.

விண்டோஸ் 11க்காக ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்களும் ஏமாறுவார்கள். அது வேகத்தைப் பார்த்து அனுமதிப்பதில்லை. செயலியின் தலைமுறையையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் பார்க்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியை எவ்வளவு விரட்டினாலும் அது எட்டாம் தலைமுறை ஆகிவிடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று, ஒரு ஞாயிறு காலை கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி கிள்ளானுக்குப் போனேன். அவனிடம் இருப்பது ரைசன் 5 3600, ஆறு கருக்கள் கொண்ட செயலி. பழைய கணினியாக வாங்கியது. மதர்போர்டு ஓவர்கிளாக்கிங்குக்கு இடம் தருவதுதான்.

முதலில் அவன் விருப்பப்படியே செய்தோம். எல்லாக் கருக்களும் சேர்ந்து ஓடும்போது ஏறக்குறைய 4.0 இருந்ததை 4.2 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினோம். அவன் பாடத்துக்காகத் தொகுத்த ஒரு காணொளியை ஏற்றுமதி செய்தோம். முன்பு 40 நிமிடம் ஆனது 38 நிமிடத்தில் முடிந்தது. செயலியின் வெப்பம் 93 பாகை. அந்த வகைச் செயலிக்கு உச்ச வரம்பே 95. மூன்றாம் முறை ஓட்டியபோது கணினி பாதியில் அணைந்துபோனது.

இணையத்தில் நாம் காணும் சோதனைகள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளில், 21, 22 பாகை அறையில் நடப்பவை. கிள்ளானில் மதிய நேரத்து அறை 32 பாகை. சுற்றிலும் உள்ள காற்று 10 பாகை கூடினால் சில்லும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சுடும். பெரிய சாதனைகள் எப்படிச் செய்யப்படுகின்றன தெரியுமா? 2022 டிசம்பரில் எல்மோர் என்ற புனைபெயர் கொண்ட சுவீடன் நாட்டவர், கோர் ஐ9 13900கே செயலியை முதன்முறையாக 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தார். அவர் பயன்படுத்தியது திரவ ஹீலியம். அதன் கொதிநிலை கழித்தல் 269 பாகை. நம்மிடம் இருப்பதோ மேசை விசிறி.

பிறகு பழைய அமைப்புக்குத் திரும்பி, பெட்டியைத் திறந்தோம். குளிரூட்டியின் இடுக்கெல்லாம் தூசி. செயலிக்கும் குளிரூட்டிக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பப் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. 25 ரிங்கிட்டுக்கு ஒரு பசைக் குழாய் வாங்கி, தூசி தட்டி, புதிதாகப் பூசினோம்.

அடுத்துதான் பெரிய கண்டுபிடிப்பு. இரண்டு 8 ஜிபி ரேம் பட்டைகளும் அடுத்தடுத்த பள்ளங்களில் செருகப்பட்டிருந்தன. அப்படிச் செருகினால் இரண்டு பாதைகள் இருந்தும் ஒரே பாதையில்தான் தரவு போகும். இரண்டாம், நான்காம் பள்ளங்களுக்கு மாற்றினோம். பட்டையில் 3200 என்று அச்சிட்டிருந்தும் அவை 2400இல் ஓடிக்கொண்டிருந்தன. பயோஸ் அமைப்புக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கியதும் 3200 ஆனது.

மறுபடி அதே காணொளி. ஓவர்கிளாக் இல்லாமலே 38 நிமிடம். குளிர்ச்சி கிடைத்ததால் செயலி தானாகவே சற்று வேகம் ஏற்றிக்கொண்டது. வெப்பம் 80 பாகையைத் தாண்டவில்லை. மாலைவரை ஓட்டினோம், ஒருமுறைகூட அணையவில்லை. விளையாட்டில் இருந்த திக்கலும் வெகுவாகக் குறைந்திருந்தது.

43 மணி நேர உழைப்பு

தேநீர் குடித்தபடி நான் அவனிடம் கேட்டேன்: "350 ரிங்கிட் சம்பாதிக்க எவ்வளவு நேரம் வேலை செய்யணும்?"

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.17 ரிங்கிட். அந்தக் கணக்கில் 350 ரிங்கிட் என்பது ஏறக்குறைய 43 மணி நேர வேலை, அதாவது 2,580 நிமிடம். புதிய குளிரூட்டி போட்டு முடுக்கினால் ஒரு காணொளிக்கு 3 நிமிடம் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு காணொளி ஏற்றுமதி செய்தால் 6 நிமிடம். போட்ட உழைப்பைத் திரும்ப எடுக்க 430 நாள். அதாவது ஓராண்டும் இரண்டு மாதமும், ஒருநாள்கூட விடாமல். எண்களை மாற்றி மாற்றிச் சோதிக்கும் இரவுகள் இதில் சேரவில்லை.

மின்கட்டணம் பெரிய பிரச்சினையா என்றால், இல்லை. கூடுதலாக 50 வாட் வீதம் தினம் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 6 யூனிட். 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள வீட்டுக் கட்டண முறையில், ஆற்றல், கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். மொத்தம் 3 ரிங்கிட்கூட வராது. ஓவர்கிளாக்கிங்கின் உண்மையான விலை மின்கட்டணத்தில் இல்லை. அது நேரத்திலும், நிம்மதியிலும், கெட்டுப்போகக்கூடிய கோப்புகளிலும் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

என் அக்காள் மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தூசி தட்டுங்கள். மடிக்கணினியாக இருந்தால் அதன் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள்.

இரண்டாவது, ரேம் அதற்குரிய வேகத்தில், சரியான பள்ளங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்.எம்.பி.யும் முறைப்படி ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான். ஆனால் தயாரிப்பாளர் சோதித்துக் கொடுத்த அளவு என்பதால் ஆபத்து மிகக் குறைவு.

மூன்றாவது, இன்னும் பழைய வன்தட்டில் விண்டோஸ் ஓடுகிறது என்றால், கையிருப்புப் பணம் முழுவதையும் எஸ்.எஸ்.டி.க்குக் கொடுங்கள். எந்த ஓவர்கிளாக்கிங்கும் அந்த மாற்றத்தைத் தராது.

நான்காவது, முடுக்குவதற்கு நேர்மாறான 'அண்டர்வோல்ட்டிங்' பற்றிப் படியுங்கள். வேகத்தைக் குறைக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் சிறிது குறைப்பது அது. நம் வெப்பத்துக்கு ஏற்றது. இதிலும் அதிகம் குறைத்தால் கணினி தடுமாறும் என்பதால் படிப்படியாகச் செய்து சோதிக்க வேண்டும்.

கடைசியாக, புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரசீதை அப்பா அம்மாவிடம் கொடுங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரை உள்ள விலக்கில், பிள்ளைகளுக்கு வாங்கும் கணினியும் அடங்கும். பல பெற்றோர் இதைக் கோராமலே விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஓவர்கிளாக் செய்தே பார்க்க வேண்டும் என்ற ஆர்வம் இருந்தால், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதைப் பணம் மிச்சப்படுத்தும் வழியாக நினைக்காதீர்கள், பாடமாக நினையுங்கள். மின்னழுத்தம், வெப்பம், நிலைத்தன்மை, சோதனை முறை ஆகியவற்றை ஒரு பழைய கணினி கற்றுத்தருவது போலப் புத்தகம் கற்றுத்தராது. சில்லுகளை எந்த அளவு ஓட்டலாம் என்று சோதித்துப் பார்க்கும் பொறியாளர்கள் பினாங்கிலும் கூலிமிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தான். படிப்பு சாராத, உடைந்தாலும் கவலையில்லாத ஒரு கணினியில் செய்யுங்கள். ஒருநேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒப்படைப்பு வாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அன்று மாலை நான் கிளம்பும்போது அவன் கேட்டான்: "அப்போ கூலர் வேண்டாமா, மாமா?"

"உன் பணம்டா. நீயே முடிவு பண்ணு" என்றேன்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. பாடக் கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைக்க வெளிப்புறச் சேமிப்பு வட்டு ஒன்று வாங்கிவிட்டானாம். பாக்கிப் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறான். என்னுடைய அந்த இரண்டு அத்தியாயங்களின் கதையை அவனிடம் சொன்னது வீண்போகவில்லை.